பின்னறை டிவியில் படம் நிற்கிறது: அடுத்த பெட்டியை வாங்குமுன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பட்டணத்திலும் அதைச் சுற்றியுள்ள தோட்டக் குடியிருப்புகளிலும் எனக்குத் தெரிந்த பல வீடுகளில் அமைப்பு ஒன்றுதான். ஹாலில் ஒரு பழைய கணினி. அதனுள் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த படங்கள், பக்திப் பாடல்கள், அண்ணன் திருமண வீடியோ, பேரப்பிள்ளையின் பிறந்தநாள் பதிவு எல்லாம் கிடக்கின்றன. பின்னறையிலோ அடுப்படியை ஒட்டிய இடத்திலோ இன்னொரு டிவி, அதன்முன் பாட்டி. இரண்டையும் இணைத்துக் கணினிப் படத்தை டிவியில் ஓட்ட மலிவான பெட்டி எது என்று கேட்டு வருபவர்களில் பலர் ஏற்கெனவே ஒன்றை வாங்கி, அது சரியில்லை என்று முடிவுகட்டி, இரண்டாவதற்குக் காசு எடுத்து வைத்திருப்பவர்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது பெட்டியின் பெயரையன்று, கோளாறு எப்படித் தெரிகிறது என்பதைத்தான். காய்ச்சலுக்கு மருந்து கேட்பவரிடம் குளிர் அடிக்கிறதா, வயிறு வலிக்கிறதா என்று விசாரிப்பதைப் போன்றது இது. குற்றம் சாட்டப்படும் பெட்டி பல வேளைகளில் நிரபராதியாகவே இருக்கிறது.

கோளாறு இருக்கக்கூடிய இடங்கள் மூன்று: கோப்பு, அது வரும் வழி, அதை விரித்துக் காட்டும் பெட்டி. இவற்றைப் பிரித்தறியச் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தகராறு செய்யும் அதே கோப்பை ஒரு பென்டிரைவில் நகலெடுத்துப் பின்னறைப் பெட்டியில் நேரடியாகச் செருகி ஓட்டிப் பாருங்கள். அப்படி ஓட்டும்போது படம் தடையின்றி ஓடினால் கோப்பிலும் பெட்டியிலும் பழுதில்லை, வழியில்தான் பழுது. அப்போதும் தத்தினால் வைஃபையைத் திட்டிப் பயனில்லை. நகலெடுக்கும்போதே கோப்பு பெரிதாக இருக்கிறது என்று கணினி மறுத்தால் கவலைப்பட வேண்டாம். ஃபேட்32 முறையில் அமைந்த பென்டிரைவ் 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக் கோப்பை ஏற்காது. அதை என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றி, மீண்டும் முயலலாம். மாற்றும்போது உள்ளே இருப்பவை அழிந்துபோகும் என்பதை மட்டும் மறந்துவிடக் கூடாது.

படம் ஓடுகிறது, நிற்கிறது, சுற்றுகிறது, மீண்டும் ஓடுகிறது

இதுதான் அதிகம் கேட்கும் புகார். “அண்ணே, நெட் ஸ்பீடு பத்தலை போல, பிளானை ஏத்திடவா?” என்று கேட்பார்கள். வேண்டாம். ஹால் கணினியிலிருந்து பின்னறை டிவிக்குப் போகும் படம் வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை; ரவுட்டர் வரை வந்து அங்கிருந்தே திரும்பிவிடுகிறது. இணையம் முற்றாக அறுந்து கிடக்கும் நாளிலும் அது ஓட வேண்டும். ஆகவே மாதக் கட்டணத்தை உயர்த்தி வாங்கும் வேகம் இந்தப் பாதையில் ஒரு துளிகூட உதவாது.

எவ்வளவு வேகம் தேவை என்பதை நீங்களே கணக்கிடலாம். இரண்டு மணி நேரப் படம் ஒன்று 8 கிகாபைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். ஆக ஏறக்குறைய 64,000 மெகாபிட். இரண்டு மணி நேரத்தில் 7,200 விநாடிகள். வகுத்தால் விநாடிக்கு 9 மெகாபிட்டுக்கும் சற்றுக் குறைவு. இது சராசரி மட்டுமே. மழையும் கூட்டமும் சண்டையும் வரும் காட்சிகளில் தேவை இரண்டு மூன்று மடங்காக எகிறும். எனவே 25 மெகாபிட் இடைவிடாமல் கிடைக்கும் வழி இருந்தால் இந்தக் கோப்புக்குப் போதும். பழைய விசிடியின் படத்திற்கு 1.15 மெகாபிட் போதுமானது, டிவிடி படம் 9.8-ஐத் தாண்டாது. புளூ-ரே வட்டிலிருந்து அப்படியே எடுத்த கோப்பு என்றால் படம் மட்டுமே 40 மெகாபிட் வரை போகலாம். 4கே வட்டிலிருந்து எடுத்ததோ உச்சத்தில் 100-ஐத் தாண்டக்கூடியது. நம் வீடுகளில் கடைசி வகை அரிது. முன்னவற்றுக்கு வேண்டிய வேகத்தை எந்த மலிவுக் கருவியும் தாளில் தருகிறது. தாளில் தருவது சுவருக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்கிறதா என்பதே கேள்வி.

நம் வீடுகள் வைஃபைக்கு நட்பானவை அல்ல. தாமான் வீட்டில் முன்ஹாலிலிருந்து பின்னறைக்குள் செங்கல் சுவர்கள் இரண்டு மூன்று குறுக்கிடும். பின்னால் இழுத்துக் கட்டிய அடுப்படிக்குத் தகரக் கூரை, சில வீடுகளில் தகரத் தடுப்பு. லயத்து வீடு பலகைச் சுவராக இருந்தால் அலை எளிதில் ஊடுருவும், ஆனால் அங்கும் இரும்பு அலமாரி ஒன்று சுவரோரம் நின்று பாதையை மறைக்கும். நிலைக்கண்ணாடி பதித்த அலமாரி இன்னும் மோசம். உலோகம் வைஃபை அலையை விழுங்கிக்கொண்டோ திருப்பி அனுப்பியோ விடுகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டினால் விரைவில் தளர்ந்துவிடும்; 2.4 கிகாஹெர்ட்ஸ் தொலைவு போகும், ஆனால் அதே பாதையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் புளூடூத் கருவிகளும் நெரிசலிடும். மைக்ரோவேவ் அடுப்பும் அந்த அலைவரிசையில்தான் இயங்குகிறது. பாட்டி படம் பார்க்கும்போது அடுப்படியில் யாரோ சோற்றைச் சூடாக்குகிறார் என்றால், படம் நிற்கும் நேரத்தையும் அடுப்பு ஓடும் நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அதிகம் பேர் அறியாத இன்னொரு எதிரி யூஎஸ்பி 3.0 ஹார்ட் டிஸ்க். அதுவும் அதன் கம்பியும் 2.4 அலைவரிசையில் இரைச்சலை உமிழும். ரவுட்டரின் தலைமேலேயே ஹார்ட் டிஸ்க்கை வைத்திருப்பவர்கள் அதை இரண்டடி தள்ளி வைத்தாலே சில வீடுகளில் நோய் தீர்ந்துவிடுகிறது.

முறையாகச் செய்ய வேண்டியது இது. முதலில் ஹாலில் உள்ள கணினியை ரவுட்டருடன் கம்பியால் இணையுங்கள். கணினியும் வைஃபை, பெட்டியும் வைஃபை என்றால் ஒவ்வொரு காட்சியும் காற்றில் இருமுறை பயணம் செய்கிறது: கணினியிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து பெட்டிக்கு மறுமுறை. ஒரே அலைவரிசையில் இரண்டும் நடந்தால் கிடைக்கும் வேகம் பாதியாகிவிடும். கணினியும் ரவுட்டரும் பெரும்பாலும் ஒரே ஹாலில் இருப்பதால் இந்தப் பாதியை மீட்க மூன்றடிக் கம்பி ஒன்றே போதும். இதைச் செய்த பிறகும் நின்றால், டிவியின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் சிறு பெட்டியான ஸ்டிக்கை ஒரு சிறிய எச்டிஎம்ஐ நீட்டிப்புக் கம்பியால் வெளியே இழுத்துவிடுங்கள். டிவியின் உலோகத் தகட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் ஸ்டிக்கிடம் நல்ல சமிக்ஞையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. அடுத்து, 2.4 அலைவரிசையைத்தான் நம்ப வேண்டிய நிலை என்றால் ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய மூன்று தடங்களில் (சேனல்) நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள். இந்த மூன்று மட்டுமே ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

அப்போதும் தீரவில்லை என்றால் நான் சொல்வது கம்பிதான். கேட்5இ வகைக் கம்பி 100 மீட்டர் வரை விநாடிக்கு 1,000 மெகாபிட்டைச் சுமக்கக்கூடியது. இருபதடி அகலமும் அறுபதடி நீளமும் கொண்ட வீட்டில் அதற்குச் சிரமமே இல்லை. கதவு நிலையின் மேல்விளிம்பு வழியாகவும் கூரை உட்புறம் வழியாகவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இழுத்துவிடலாம். என் வீட்டில் நான் இழுத்தது 20 மீட்டர், செலவு ஒரு நல்ல பெட்டியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. வாங்கும்போது ஒரு கவனம்: மிக மலிவான கம்பிகள் உள்ளே அலுமினியமும் மேலே செம்புப் பூச்சும் கொண்டவை, வளைத்தால் ஒடியும். முழுச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். கம்பியின் எட்டு இழைகளில் ஒன்று தொடர்பை இழந்தால் வேகம் 1,000-லிருந்து 100-க்கு இறங்கக்கூடும். நம் கணக்குப்படி அதுவும் போதும் என்பதால், அதற்காகக் கலங்கிப் புதுக் கம்பி தேட வேண்டியதில்லை.

வாடகை வீட்டில் கம்பி இழுக்க அனுமதி இல்லாதவர்கள் மின்கம்பி வழியாகத் தரவை அனுப்பும் பவர்லைன் அடாப்டர் இணை ஒன்றை முயலலாம். அதைச் சுவர் சாக்கெட்டில் நேரடியாகச் செருக வேண்டும். இடித் தடுப்பு உள்ள எக்ஸ்டென்ஷனில் செருகினால் அந்தத் தடுப்பே சமிக்ஞையையும் விழுங்கிவிடும். பெட்டியில் அச்சிட்ட வேகத்தை நம்ப வேண்டாம், பழைய வயரிங் உள்ள வீட்டில் அதில் சிறு பகுதியே கிடைக்கும். ஆயினும் படத்திற்கு வேண்டியது அந்தச் சிறு பகுதிதான். மலிவான வைஃபை ரிப்பீட்டரை மட்டும் நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஒரே அலைவரிசையில் கேட்டதையே திரும்பச் சொல்லும் கருவி அது. தொலைபேசியில் செய்தி பார்க்க உதவும், படத்திற்கு உதவாது.

பெட்டியின் கண்ணுக்குக் கணினி தெரியவில்லை

இது நடக்கும்போது பெட்டியும் கணினியும் நலமாகவே இருக்கும், ஆனால் இரண்டும் ஒரே வீட்டில் இருந்தும் பேசிக்கொள்ளாது. முதல் காரணம், பெட்டி விருந்தினர் வைஃபையில் சேர்ந்திருப்பது. விருந்தினர் இணைப்பு வெளி இணையத்தை மட்டும் கொடுத்து, வீட்டுக் கருவிகளை மறைப்பதற்காகவே உருவாக்கப்பட்டது.

இரண்டாவது காரணம் நம் ஊரில் மிகச் சாதாரணம்: பின்னறைக்கு எட்டவில்லை என்று பழைய ரவுட்டர் ஒன்றை இரண்டாவதாக மாட்டியிருப்பார்கள். கம்பியை, இணையம் உள்ளே வருவதற்கான அதன் வான் (WAN) துளையில் செருகியதும் அது தனக்கென ஒரு தனி வலையமைப்பை உருவாக்கிக்கொள்ளும். ஹாலில் உள்ள கணினியின் முகவரி 192.168.1 என்று தொடங்கும், பின்னறைப் பெட்டியின் முகவரி 192.168.0 என்று தொடங்கும். இணையம் இரண்டிலும் வரும், அதனால் எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும். படக்கோப்புறை மட்டும் தென்படாது. இரண்டாவது ரவுட்டரின் அமைப்பில் அக்சஸ் பாயின்ட் என்ற முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கருவிகளுக்கு முகவரி வழங்கும் அதன் டிஎச்சிபி (DHCP) வசதியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டருடன் மோதாதவாறு மாற்றி, கம்பியை வான் துளையிலிருந்து வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) துளைக்கு மாற்றுங்கள். அலமாரியில் தூசு படிந்த ரவுட்டர் ஒன்று இதனால் காசில்லாமல் பின்னறைக்கு நல்ல வைஃபை கொடுக்கும் கருவியாகிவிடுகிறது. மேலே சொன்ன ரிப்பீட்டரைவிட இது பல மடங்கு மேல்.

மூன்றாவது காரணம் விண்டோஸ். கோப்புறையைப் பகிரும் எஸ்எம்பி நெறிமுறையின் முதல் பதிப்பு பாதுகாப்பற்றது. 2017-இல் உலகெங்கும் பரவிய வானாகிரை என்ற நச்சு மென்பொருள் தாக்குதல் அதன் ஓட்டை வழியாகவே நுழைந்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் அது இயல்பாக நிறுவப்படுவதில்லை. பழைய பெட்டிகளும் பழைய செயலிகளும் அந்த முதல் பதிப்பையே தேடி ஏமாறுகின்றன. சிலர் விண்டோஸில் அதை மீண்டும் முடுக்கிவிடச் சொல்வார்கள். செய்யாதீர்கள், பூட்டு சரியில்லை என்று கதவைக் கழற்றி வைப்பது போன்றது அது. பெட்டியில், படங்களை ஓட்டும் கோடி (Kodi) செயலியின் புதிய பதிப்பை நிறுவி, கணினியைத் தானாகத் தேடச் சொல்லாமல் அதன் ஐபி முகவரியையும் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கையால் கொடுங்கள். விண்டோஸில் வலையமைப்பு தனிப்பட்டது என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நேற்று தெரிந்த கணினி இன்று தெரியவில்லை என்றால் அதன் முகவரி மாறியிருக்கும். ரவுட்டரில் அந்தக் கணினிக்கென ஒரு முகவரியை நிலையாக ஒதுக்கிவிட்டால் தொல்லை முடியும்.

ஒலி வருகிறது, படம் கறுப்பாக இருக்கிறது அல்லது தத்தித் தத்தி ஓடுகிறது

பென்டிரைவ் சோதனையிலும் இதே நிலை என்றால், கோப்பு சுருக்கப்பட்ட முறையைப் பெட்டியின் சில்லு அறியவில்லை என்று பொருள். எச்.264 முறை 2003-இல் வந்தது. இன்று கிடைக்கும் எந்தப் பெட்டியும் அதை விரிக்கும். எச்.265 முறை 2013-இல் வந்தது. அதே தரத்தைப் பாதியளவுக் கோப்பில் அடக்குவதால் புதிய கோப்புகள் பல அதில் உள்ளன. அதிலும் நிற நுணுக்கத்தைப் பொறுத்து 8 பிட், 10 பிட் என்று இரண்டு உண்டு. இங்கேதான் எந்தப் பெட்டி என்ற கேள்விக்கு உண்மையில் இடம் வருகிறது. உங்களிடம் இருக்கும் கோப்புகளைப் பார்த்த பிறகே பெட்டியை முடிவு செய்ய வேண்டும். கணினியில் விஎல்சி செயலியில் கோப்பைத் திறந்து கோடெக் (சுருக்க முறை) விவரத்தைப் பார்த்தால் எந்த முறை என்பது தெரிந்துவிடும்.

எல்லாம் எச்.264 என்றால், ஒருவேளை நீங்கள் எதையுமே வாங்க வேண்டியதில்லை. பின்னறை டிவி ஸ்மார்ட் டிவியாக இருந்தால் வீட்டுக் கணினியின் படங்களை வலையமைப்பு வழியாகக் காட்டும் டிஎல்என்ஏ (DLNA) வசதி அதிலேயே இருக்கக்கூடும். கணினியில் ஜெல்லிஃபின் போன்ற இலவச மென்பொருளை நிறுவி, அதன் டிஎல்என்ஏ செருகுநிரலையும் சேர்த்தால் டிவியின் பட்டியலில் அது தோன்றும். டிவி பழையது என்றால் 2020-இல் வந்த ஷாவ்மி மி டிவி ஸ்டிக் போன்ற சிறு கருவியே போதும். அதில் 1 கிகாபைட் நினைவகமும் 8 கிகாபைட் சேமிப்பும்தான் உண்டு, முழு எச்டி வரைதான் காட்டும். கோடியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை ஏற்றாமல் இருந்தால் அலுத்துக்கொள்ளாது. அதில் லேன் துளை இல்லை என்பது அதன் பெரிய குறை. ஆகவே வைஃபை நன்றாக எட்டும் அறைக்கு மட்டுமே அதை வாங்குங்கள்.

எச்.265 கோப்புகள் கலந்திருந்தால், லேன் துளையுடன் கூடிய ஆண்ட்ராய்டு பெட்டிகளில் ஆம்லாஜிக் எஸ்905எக்ஸ் சில்லும் அதற்குப் பின் வந்தவையும் 10 பிட் கோப்புகளையும் விரிக்கின்றன. அதன் லேன் துளை 100 மெகாபிட்தான், அது குறையாகாது. ராஸ்பெர்ரி பை வாங்க நினைப்பவர்கள் பழைய பை 3-ஐ மலிவு என்று எடுக்க வேண்டாம். அதன் சில்லில் எச்.265-க்கான தனிப் பகுதி இல்லை. 2019-இல் வந்த பை 4-இல் இருக்கிறது, முழு 1,000 மெகாபிட் லேனும் உண்டு. ஆனால் பலகையின் விலையோடு உறை, மெமரி கார்டு, மின் அடாப்டர், மைக்ரோ எச்டிஎம்ஐ கம்பி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் மலிவு என்ற சொல் மெல்ல நழுவிவிடும். கைவேலையில் ஆர்வமுள்ள பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அது நல்ல முதலீடு. பாட்டிக்கு மட்டும் என்றால் தேவையில்லை.

என் சொந்த விருப்பம், அலுவலகங்கள் கழித்துக்கட்டும் சிறிய கணினிகள். ஈப்போவில் பழைய கணினி விற்கும் கடைகளில் உள்ளங்கை அகலப் பெட்டிகளாக அவை வந்து குவிகின்றன. வாங்கும்போது பலரும் ஐ3-ஐவிட ஐ5 உயர்ந்தது என்று மட்டுமே பார்க்கிறார்கள். படத்திற்கு முக்கியம் தலைமுறை. இன்டெல் ஆறாம் தலைமுறைச் சில்லு எச்.265-இல் 8 பிட்டை மட்டுமே வன்பொருளால் விரிக்கும். ஏழாம் தலைமுறை 10 பிட்டையும் விரிக்கும். ஆகவே ஆறாம் தலைமுறை ஐ5-ஐக் கடைக்காரர் பெருமையாக நீட்டும்போது, ஓரத்தில் கிடக்கும் ஏழாம் தலைமுறை ஐ3-ஐக் கேளுங்கள். விலையும் குறையும், வேலையும் நடக்கும்.

இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் பெயரில்லாத பெட்டிகள் இவை எல்லாவற்றையும்விட மலிவாகக் கிடைக்கும். அட்டையில் எழுதிய நினைவக அளவு உள்ளே இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. 2023-இல் டி95 என்ற பெயரில் விற்ற பெட்டியில், உறை பிரிக்கும்போதே நச்சு மென்பொருள் குடியிருந்தது அம்பலமானது. வைஃபை கருவிகளுக்கு நம் நாட்டில் சிரிம் (SIRIM) என்ற தரச்சான்று முத்திரை வேண்டும். அது இல்லாத பெட்டியை உங்கள் வங்கிச் செயலி இயங்கும் அதே வீட்டு வைஃபையில் சேர்க்காதீர்கள்.

படம் வரும்போதெல்லாம் ஹால் கணினியின் விசிறி அலறினால் அது வேறு கதை. பெட்டியால் விரிக்க முடியாததைக் கணினியே உடனுக்குடன் வேறு முறைக்கு மாற்றி அனுப்புகிறது. ஜெல்லிஃபின் நிர்வாகப் பக்கத்தில் அது தெளிவாகத் தெரியும். படவடிவ வசனவரிகளைச் சேர்த்தாலும் இதே சுமை ஏறும். கணினியை மாற்றுவதைவிட, ஹேண்ட்பிரேக் மென்பொருளால் அந்தக் கோப்புகளை இரவோடிரவாக எச்.264-க்கு மாற்றி வைத்துவிடுவது மலிவு.

படம் தெரிகிறது, ஒலி இல்லை

எல்லாக் கோப்பிலும் ஒலி இல்லையா, சிலவற்றில் மட்டுமா என்று பாருங்கள். சிலவற்றில் மட்டும் என்றால் ஒலித்தடம் டிடிஎஸ் முறையில் இருக்கும். சாம்சங் 2018 முதல் தன் டிவிகளில் டிடிஎஸ்-ஐ விட்டுவிட்டது. அது உரிமம் சார்ந்த விஷயம், பழுதன்று. கோடியின் ஒலி அமைப்பில், ஒலியை விரிக்காமல் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ என்பதை அணைத்து, இரட்டை ஒலி என்று வைத்தால் பெட்டியே ஒலியை விரித்து டிவிக்குப் புரியும் வடிவில் கொடுத்துவிடும்.

பெட்டி தானாகவே அணைந்து எரிகிறது

ஸ்டிக்கின் மின்கம்பியை டிவியின் யூஎஸ்பி துளையில் செருகியிருப்பீர்கள். யூஎஸ்பி 2.0 துளை நிர்ணயப்படி அரை ஆம்பியர்தான் தரும்; கனமான காட்சி வரும்போது ஸ்டிக் அதற்கு மேல் கேட்கும். உடன் வந்த அடாப்டரையே சுவரில் செருகுங்கள். பெட்டியில் நேரடியாகச் செருகிய ஹார்ட் டிஸ்க் டிக் டிக் என்று ஒலியெழுப்பினால் அதற்கும் இதே பசிதான். தனி மின்சாரம் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றை நடுவில் வையுங்கள். ராஸ்பெர்ரி பையில் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி தெரிந்தால் அது மின்னழுத்தம் குறைகிறது என்ற எச்சரிக்கை. பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் அடாப்டர் வேண்டும். பல கைப்பேசி அடாப்டர்கள் இதற்குப் போதா.

அரை மணி நேரம் ஓடி நின்றுவிடுகிறது

எப்போதும் ஏறக்குறைய அதே நேரத்தில் நிற்கிறது என்றால் கணினி உறங்கப் போய்விட்டது. விண்டோஸின் மின்சார அமைப்பில் உறக்கத்தை அணையுங்கள், திரையை மட்டும் அணைய விடுங்கள்.

தமிழ் வசனவரி கட்டம் கட்டமாகத் தெரிகிறது

கட்டங்கள் தெரிந்தால் எழுத்துரு இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருவைக் கோடியின் எழுத்துருக் கோப்புறையில் போட்டு, வசனவரி அமைப்பில் அதைத் தேர்ந்தெடுங்கள். கட்டங்களுக்குப் பதிலாகப் புள்ளி வைத்த ரோமன் எழுத்துகள் குழம்பிக் கிடந்தால், வசனவரிக் கோப்பு யூனிகோட் பரவுமுன் புழங்கிய டிஸ்கி போன்ற குறிமுறையில் உள்ளது. அதை யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமிக்க வேண்டும். புதுப் பெட்டி இதைத் தீர்க்காது.

திருமண வீடியோவில் சீப்புப் பல் போன்ற கோடுகள்

மாலை மாற்றும்போதும் கை அசையும்போதும் உருவத்தின் விளிம்பில் கோடு கோடாகப் பிரிந்தால், அது விஎச்எஸ் நாடாவிலிருந்து எடுத்த பதிவின் இயல்பு. பழைய முறையில் ஒவ்வொரு படமும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாக இரு பாதியாய்ப் பதிவானது. பெட்டி அவற்றைச் சேர்க்காமல் அப்படியே காட்டுகிறது. கோடியில் படம் ஓடும்போதே டீஇன்டர்லேஸ் என்ற அமைப்பை இயக்கினால் கோடுகள் மறையும். விசிடி வட்டுகளில் எம்பிஇஜிஏவி (MPEGAV) என்ற கோப்புறைக்குள் டிஏடி (DAT) என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு கிடக்கும். டிவி அதைத் தெரியாது என்று தள்ளிவிடும். பின்னொட்டை எம்பிஜி (MPG) என்று மாற்றினாலே பல பெட்டிகளில் ஓடத் தொடங்குகிறது. வட்டுகள் நம் வெப்பத்திலும் ஈரத்திலும் பூசணம் பிடித்து உரிகின்றன. இதை வாசிக்கும் வாரமே அவற்றைக் கணினிக்கு மாற்றிவிடுங்கள்.

பாட்டியின் டிவி இன்னும் பழைய குண்டு டிவி என்றால், எச்டிஎம்ஐ-யை மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பிகளாக மாற்றும் சிறு டப்பா வேண்டும். அதே தோற்றத்தில் எதிர்த்திசையில் மாற்றும் டப்பாவும் விற்கிறது. நான் அதைத் தவறுதலாக வாங்கி, மீண்டும் ஈப்போ வரை போய் மாற்றியிருக்கிறேன்.

இடி மழைக்குப் பிறகு எதுவும் எரியவில்லை

பருவமழை மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பிற்பகல் இடி நம் பக்கத்தில் அன்றாடம். ஃபைபர் இழை கண்ணாடி என்பதால் அதன் வழியாக மின்னல் வராது. மின்கம்பி வழியாகவும், கூரையில் உள்ள செயற்கைக்கோள் தட்டின் கம்பி வழியாகவும், வீட்டுக்கு வெளியே ஓடும் லேன் கம்பி வழியாகவும் வரும். கம்பி இழுக்கச் சொன்ன நானே சொல்கிறேன்: அடுத்த வீட்டுக்கோ வெளிக் கொட்டகைக்கோ திறந்த வெளியில் லேன் கம்பி இழுக்காதீர்கள், கூரைக்குள்ளேயே நிறுத்துங்கள். வானம் கறுத்தால் பிளக்கையும் தட்டுக் கம்பியையும் கழற்றுங்கள்.

கழற்றாமல் அடி வாங்கியிருந்தால் பெட்டியைக் குப்பையில் போடுமுன் அதே வோல்ட் அளவும் போதிய ஆம்பியரும் உள்ள வேறொரு அடாப்டரைச் செருகிப் பாருங்கள். பல நேரங்களில் அடாப்டர் மட்டுமே உயிரை விட்டிருக்கும். விளக்கு எரிந்தும் கம்பி வழியாகப் படம் வரவில்லை என்றால் கம்பியின் மறுமுனையை ரவுட்டரின் வேறொரு லேன் துளைக்கு மாற்றுங்கள். அதிலும் வரவில்லை, ஆனால் வைஃபையில் வருகிறது என்றால் பெட்டியின் லேன் துளை மட்டும் போய்விட்டது. அந்தப் பெட்டியை ரவுட்டருக்கு அருகிலுள்ள ஹால் டிவிக்கு மாற்றி, ஹாலில் இருந்ததைப் பின்னறைக்குக் கொடுத்துவிட்டால் புதிதாக ஒன்றும் வாங்காமலே பாட்டி அன்றிரவு படத்தைத் தொடரலாம்.